கேட்காத இரண்டு தட்டல்

கடலுக்கடியில் போகிற கப்பலுக்கு யாராவது புகைபோக்கி வைப்பார்களா? எங்கள் கடற்படை வைத்தது. ஒன்றல்ல, இரண்டு. இதை முதல்முதலாக நான் போல்கேரோ ஊரில் சொன்னபோது, துறைமுகத்தில் மீன் விற்கிற கிழவர்கூட, "போடா, யார்கிட்ட கதை விடற" என்று சிரித்தார். கதையே இல்லை. சைலஸ் ஹாஸ்கின் ஆகிய நான் அந்தச் சனியனுக்குள் பாய்லருக்குத் தீ மூட்டியவன்.

லண்டனில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. நீர்மூழ்கியும் போர்க்கப்பல்களோடு சரிசமமாக ஓட வேண்டுமாம். அந்த வேகத்துக்கு டீசல் எஞ்சின் போதவில்லை. சரி, நீராவி போடு என்றார்கள். ஒரு தெரு நீளத்துக்கு ஒரு நீர்மூழ்கியைக் கட்டி, நடுவில் இரண்டு பாய்லரை வைத்து, மேலே இரண்டு புகைபோக்கியையும் நட்டார்கள். அந்த வகையில் கட்டிய எந்தப் படகும் எதிரியின் கப்பல் ஒன்றைக்கூட மூழ்கடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஆட்களைத்தான் அள்ளி அள்ளிக் கொடுத்தன. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மற்ற நீர்மூழ்கி என்றால் ஒரு நிமிஷத்தில் உள்ளே போய்விடும். எங்களுக்கு அது ஒரு கல்யாண வேலை. தீயை அணைக்க வேண்டும். புகைபோக்கியை மடக்கிப் படுக்க வைத்து அதன் வாயை மூட வேண்டும். கடைசியாக, பாய்லர் அறைக்குக் காற்று வருகிற நாலு பெரிய துவாரங்களை மூட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் தாராளமாக இறங்கலாம். அவற்றின் மூடி குடை விரித்த மாதிரி இருக்கும். நாங்கள் அதைக் காளான் என்போம். நாலு காளானையும் இறக்க உள்ளே ஒரே ஒரு சக்கரம், இருபது சுற்று.

தீயை அணைத்தாலும் பாய்லரின் சூடு எங்கே போகும்? சூடு வெளியேற அந்தக் காளான்களை விட்டால் வேறு வழி கிடையாது. அதனால் கடைசி நிமிஷம் வரை அவற்றைத் திறந்தே வைத்திருப்போம். சக்கரத்தில் நின்றவன் ஏனோக் பெதரிக். கார்ன்வால் தகரச் சுரங்கத்து ஊர்க்காரன், மாடு மாதிரி உடம்பு, ஆமை மாதிரி வேகம். அவன் தங்கை திர்சாவை நான் கட்டுவதாகப் பேச்சாகியிருந்தது. அதனால் அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மாப்ள. பாய்லர் அறையில் அவனோடு அதே ஊர் கேலப் ஹாம்ப்ளியும் இருந்தான்.

முங்கும்போது என் இடம் பாய்லர் அறை இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. சக்கரம் முழுசாகச் சுற்றி முடிந்ததும் ஏனோக் ஸ்பேனரால் கதவில் இரண்டு தட்டு தட்டுவான். நான் பேசுகுழாயில் வாயை வைத்து, "பின்னால மூடியாச்சு சார்" என்று கேப்டனுக்குச் சொல்வேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் தண்ணீரை உள்ளே விட்டுப் படகை முக்குவார். சட்டம் அப்படி.

நடந்தது வேறு. கேப்டன் ஆல்ஸ்டன் கையில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கும். பக்கத்துப் படகு ஐந்து நிமிஷத்தில் முங்கியது என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது. "ஹாஸ்கின், நீ என்ன, சொல்றதுக்கு நல்ல நேரம் பாத்துட்டு இருந்தியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். அதனால் நான் என்ன செய்தேன்? கண்ணாடி வழியாக ஏனோக் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பிப்பதைப் பார்த்ததுமே, "மூடியாச்சு சார்" என்று சொல்லிவிடுவேன். படகு தாழத் தொடங்குவதற்குள் தட்டல் வந்துவிடும். பதினைந்து வினாடி லாபம். எல்லாப் படகிலும் இப்படித்தான் நடந்தது. கேப்டனுக்கும் இது தெரியும். ஒருதரம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மூடி இறங்கினால் எரிகிற மாதிரி கேப்டன் முன்னால் பலகையில் விளக்கும் வைத்திருந்தார்கள். ஈரத்தில் அது மினுக்மினுக்கென்று தன் இஷ்டத்துக்கு எரியும், அணையும். "வெளக்க யார்டா நம்புவா, ஹாஸ்கினக் கேளு" என்பார் கேப்டன். எனக்கு அதில் பெருமை வேறு. தூ.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு ஜனவரி. ஸ்காட்லாந்தில் மலைகளுக்கு நடுவில் ஒரு கடற்கழியில், பழுது பார்த்துத் திரும்பிய படகைச் சோதனைக்காக முக்கிப் பார்க்கிற நாள். காலையில் ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் தின்றுகொண்டிருந்தபோது ஏனோக் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, பட்டறைக்காரப் பயலுவ சக்கரத்து மரையில எல்லாம் பெயிண்ட அப்பி வச்சிருக்கானுவ. ஒவ்வொரு சுத்துக்கும் உயிர் போவுது."

"உனக்கே உயிர் போவுதா? அப்ப சக்கரம் நெசமாவே டைட்டுதான்."

"கிண்டல் பண்ணாத. இன்னிக்கு ஒரு நாள் அவசரப்படாத. நான் தட்டுற வரைக்கும் வாயத் தொறக்காத, என்ன?"

"சரி மச்சான்."

"சும்மா சரிங்காத. என் தங்கச்சி மேல சத்தியமா சொல்லு."

"உன் தங்கச்சி மேல சத்தியம்டா. போய் வேலையப் பாரு."

அவன் சிரித்துக்கொண்டே என் தட்டிலிருந்த ரொட்டித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனான்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு முங்குவதற்கு மணி அடித்தது. தீ அணைந்தது. புகைபோக்கி மடங்கியது. நான் கதவில் நின்றேன். கண்ணாடியில் பார்த்தால் ஏனோக் சக்கரத்தைப் பிடித்துத் தொங்குகிறான். கேலப் பக்கத்தில் நின்று அவனோடு சேர்ந்து இழுக்கிறான். சக்கரம் அரைச் சுற்று போய் நிற்கிறது, மறுபடி அரைச் சுற்று. பேசுகுழாயில் கேப்டன் குரல் வந்தது: "பின்னால என்னய்யா ஆச்சு? நாலரை நிமிஷம் ஓடிருச்சு."

நான் கண்ணாடியை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

"ஹாஸ்கின்! தூங்கறியா?"

சத்தியம் எனக்கு மறந்து போகவில்லை. அதுதான் விஷயம். நினைவு இருந்தது. ஆனால் இத்தனை நாளும் ஒன்றும் ஆகவில்லையே, பத்து வினாடிதானே, அதற்குள் முடித்துவிடுவான் என்றும் தோன்றியது. எல்லார் முன்னாலும் மறுபடி திட்டு வாங்க எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு அற்பமான காரணம்.

"பின்னால மூடியாச்சு சார்" என்றேன்.

படகு தாழ்ந்தது. காது அடைத்தது. நான் இரண்டு தட்டலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலேயிருந்து தண்ணீர் கொட்டியது. பாய்லரில் பட்டு ஆவி கிளம்பியது. ஏனோக் அப்போதும் சக்கரத்தை விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு அந்த அறையில் விளக்கு அணைந்தது. படகின் பின்பக்கம் கனத்துப் போய்க் கடலடித் தரையில் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு தட்டல் கேட்டது. இரண்டில்லை. நான் எண்ணவில்லை. கதவைத் திறந்தால் முன்னால் இருக்கிற நாற்பது பேரும் காலி. என் கை தாழ்ப்பாளின் மேலேயே இருந்தது. நான் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்டல் நின்றுவிட்டது.

பாய்லர் அறையிலும் அதற்குப் பின்னாலும் இருபத்தொன்பது பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

முன்னால் இருந்த நாங்கள் இரண்டு நாளுக்கு மேல் இருட்டில் கிடந்தோம். மேலேயிருந்து முக்குளிப்பவர்கள் வந்து படகின் இரும்பு ஓட்டில் சுத்தியலால் அடித்தபோது எல்லோரும் அழுதுகொண்டே பதிலுக்கு அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. எனக்கு அந்தச் சத்தத்தையே கேட்க முடியவில்லை. அப்போது கேப்டன் தடவிக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் கோட்டைக் கழற்றி என் மேல் போர்த்தினார். அதற்கு முன்னால் அந்த மனிதர் என்னைத் தொட்டதுகூடக் கிடையாது.

"அவன் தட்டினான்தானே, ஹாஸ்கின்?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் கோட்டை இழுத்து மூடிக்கொண்டேன்.

"வெளக்கு எரிஞ்சுது, நான் பாத்தேன். நீ மூடியாச்சுன்ன. அவன் தட்டாம நீ சொல்லுவியா? சொல்ல மாட்ட. அப்ப அவன் தட்டியிருக்கணும். அப்படித்தானே?"

"ஆமா சார்."

"நல்ல பையன்" என்று என் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் படகின் மூக்கைத் தூக்கி, அதில் ஓட்டை போட்டு எங்களை வெளியே எடுத்தார்கள். பத்து நாள் கழித்து விசாரணை. நீண்ட மேஜை, பதவிக்கு அடையாளமாகப் பொன்னிறப் பட்டை தைத்த கோட்டுக் கைகள். சக்கரம் ஆறு சுற்று பாக்கி இருந்தது என்று முக்குளித்தவர் சொன்னார். என்னைக் கூப்பிட்டு பைபிள் மேல் கை வைக்கச் சொன்னார்கள். மூடியாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொண்டாய் என்று கேட்டார்கள்.

"தட்டினான் சார். ரெண்டு தட்டு" என்றேன்.

அவ்வளவுதான். மூடாமலே மூடிவிட்டதாக அடையாளம் கொடுத்தவன் ஏனோக் பெதரிக், இருபத்தொன்பது உயிர் போனதற்கு அவன் கவனக்குறைவே காரணம் என்று எழுதி முடித்தார்கள். ஸ்டாப்வாட்சைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கார்ன்வால் பத்திரிகைகளிலும் அவன் பெயரோடு வந்துவிட்டது.

போர் முடிந்ததும் திர்சாவைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் ஊரான போல்கேரோவிலேயே தங்கிவிட்டேன். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கிற எஞ்சினுக்கு ஆள் தேவைப்பட்டது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒருதரம் அவள் கேட்டாள். விசாரணையில் சொன்னதையே சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

மாமனார் ஜோசையா பெதரிக் சுரங்கத்துத் தச்சர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜெபக்கூடத்தில் பிரசங்கம் செய்கிறவரும் அவர்தான். வளையத் தெரியாத மனிதர். பத்திரிகையில் செய்தி வந்த அன்றே மேஜையில் உட்கார்ந்து, மற்ற இருபத்தெட்டு வீடுகளுக்கும் தன் கையால் கடிதம் எழுத ஆரம்பித்தார். 'என் மகன் செய்த பிழையை மன்னியுங்கள்.' எல்லாம் எழுதி முடிக்க அவருக்கு இரண்டு மாதம் ஆயிற்று. போர் முடியுமுன் நான் விடுமுறையில் அங்கே போனபோது கடைசிக் கடிதக் கட்டை என்னிடம் கொடுத்து, "தபாலாபீஸ் பக்கம் போறப்ப போட்டுரு சைலஸ்" என்றார். போட்டேன். ஒவ்வொன்றாகப் போட்டேன்.

இருபத்தொன்றில் ஊருக்கு ஒரு நினைவுக்கல் வைப்பதாக ஏற்பாடு. போரில் இறந்த எங்கள் ஊர்க்காரர்களின் பெயர்களை கிரானைட்டில் வெட்டி, ஜெபக்கூடத்து வாசலில் நிறுத்த வேண்டும். ஊர்க்கூட்டத்தில் பட்டியலைப் படித்தார்கள். ஏனோக் பெயரும் வந்தது. மாமனார் எழுந்து நின்றார்.

"என் மகன் பேரு வேணாம்."

கூட்டத்தில் ஒருவர், "என்ன ஜோசையா அண்ணே இது, அவனும் செத்தவன்தானே" என்றார்.

"செத்தான். கூட இருபத்தெட்டு பேரையும் கூட்டிட்டுப் போனான். கேலபோட அம்மா தினமும் அந்தக் கல்லத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகணும். அவங்க மகன் பேருக்குக் கீழ என் மகன் பேரையும் அவங்க படிக்கணுமா?"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கேலபின் அம்மா திருமதி ஹாம்ப்ளி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனால் ஏனோக் பெயரும் இருக்கட்டும் என்று அவளும் சொல்லவில்லை. பட்டியலில் அந்தப் பெயரை அடித்தார்கள். நான் பின்வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் திர்சா சமையலறையில், கறியும் கிழங்கும் வைத்துச் சுடுகிற பாஸ்ட்டிக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் உருட்டுவதை நிறுத்தாமலே பேசினாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியவே மாட்டேங்குதுங்க. எங்கண்ணன் படுக்கப் போறதுக்கு முன்னாடி கதவுத் தாழ்ப்பாள மூணு தரம் இழுத்துப் பாப்பான். 'போதும்டா, கதவு கையோட வந்துரப் போவுது'ன்னு அம்மா கத்துவாங்க. அப்படிப்பட்டவன் மூடாமலே தட்டினானா? நீங்களே சொல்லுங்க."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். நாலு வருஷம் அடக்கி வைத்தது அப்படியே வெளியே வந்துவிட்டது. ஸ்டாப்வாட்ச், பெயிண்ட், அவள் மேல் செய்த சத்தியம், பிறகு கேட்ட தட்டல், எல்லாமே சொன்னேன். அவள் உருட்டுக்கட்டையைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அதை எடுத்து என் மண்டையில் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எங்கப்பா எழுதுன காகிதத்த நீதானே கொண்டு போய்ப் போட்ட?" என்றாள்.

"ஆமா."

"சோறு எப்படி எறங்குச்சு உனக்கு?"

நான் கிழங்குத் தோலைக் கையால் கூட்டித் தள்ளினேன்.

"நாளைக்கு ஜெபக்கூடத்துல எழுந்து நில்லு. அப்பா முன்னாடி, கேலபோட அம்மா முன்னாடி, அத்தன பேர் முன்னாடியும் சொல்லு. எங்கண்ணன் பேரு கல்லுல வரணும். அது வர்ற வரைக்கும் என்னோட பேசாத."

மறுநாள் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து நின்றேன். ஒன்றையும் விடவில்லை. ஏனோக் தட்டவே இல்லை, நான்தான் பொய் சொன்னேன், அந்த இருபத்தொன்பது பேரும் என் வாயால் செத்தார்கள் என்று சொல்லி முடித்தேன். திருமதி ஹாம்ப்ளி எழுந்து என்னை நோக்கி வந்தாள். அறையப் போகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உன்ன மாதிரி ஒரு சிநேகிதன் கெடைக்க அந்த ஏனோக் என்ன புண்ணியம் பண்ணானோ" என்று அழுதாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிரசங்க மேடையில் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உக்காரு சைலஸ். செத்தவன் பேரக் காப்பாத்த உன் பேர நீயே கெடுத்துக்கற. உன் மனசு எங்களுக்குப் புரியுது."

"ஐயோ, நெசம் மாமா! அவன் தட்டல! தட்டவே இல்ல!"

"பைபிள் மேல கை வச்சுத் தட்டினான்னு சொன்னது யாரு?"

"நான்தான். ஆனா—"

"வேதத்த வச்சு என் மருமகன் பொய் சொன்னான்னு நான் நம்பணுமா? மாட்டேன். உக்காருப்பா."

அத்தனை பேரும் என்னைப் பாசத்தோடு பார்த்தார்கள். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கத்தக் கத்த அவர்களுக்கு என் மேல் இரக்கம்தான் கூடியது. என் பொய்யை ஒரே நிமிஷத்தில் நம்பிய உலகம் இது. உண்மையைச் சொன்னபோது என் தலையைத் தடவிக் கொடுத்தது.

மாமனார் நேர்மையானவர் அல்லவா, ஒரு சந்தேகமும் வைக்கக் கூடாது என்று ஆல்ஸ்டனுக்கே கடிதம் எழுதினார். அதற்குள் அந்த ஆளின் கையில் இன்னும் இரண்டு பொன்னிறப் பட்டை ஏறியிருந்தது. பதில் வந்தது. ஹாஸ்கின் வீரன், பொன்னான மனசுக்காரன், அந்த விபத்தில் அவன் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன, அவனை அன்பாகக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். மாமனார் அதை ஜெபக்கூடத்தில் உரக்கப் படித்தார். அந்த வாரம் முழுக்க யார் யாரோ எங்கள் வீட்டு வாசலில் கேக்கும் முட்டையும் கொண்டு வந்து வைத்தார்கள். திர்சா ஒன்றையும் தொடவில்லை. அவளுக்கு மட்டும்தான் நான் சொன்னது நிஜம் என்று தெரியும். பேசவும் இல்லை.

கல் தயாரானது. அதன் மேல் போர்த்திய கொடியை யார் விலக்குவது என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தபோது, கடலடியிலிருந்து பிழைத்து வந்தவன், நண்பனுக்காகத் தன் மானத்தையே கொடுக்கத் துணிந்தவன், சைலஸைத் தவிர வேறு யாருக்குத் தகுதி என்று திருமதி ஹாம்ப்ளியே சொன்னாளாம். முடியாது என்று மூன்று தரம் சொன்னேன். அடக்கம் என்றார்கள்.

அன்றைக்குக் காலையில் திர்சா என் கறுப்புக் கோட்டை பிரஷ் போட்டுத் துடைத்துக் கொடுத்தாள். ஏழு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் வாய் திறந்தாள்.

"போ. போய் இழு. தட்டல் கேக்காமலே மூடியாச்சுன்னு சொன்னவன்தானே நீ. இது என்ன பெரிய வேலை."

வெயில் நன்றாக இருந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. மாமனார் ஜெபம் செய்தார். நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கொடி கீழே விழுந்தது. பதினாறு பெயர்கள். கேலப் ஹாம்ப்ளியின் பெயர் இருந்தது. கீழே பாஸ்கோ என்ற பெயர், அதற்கடுத்து போல்க்ளேஸ். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெதரிக் வந்திருக்க வேண்டும்.

மாமனார் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒரு மகன் போய் ஒரு மகன் கிடைத்துவிட்டதாக யாரோ பின்னால் சொன்னார்கள். திர்சா சுவரோரமாக நின்று கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவராக வந்து என் கையைக் குலுக்கி, ரொம்ப நன்றி சைலஸ் என்றார்கள்.

நானும் ஒவ்வொருவருக்கும், "பரவாயில்லைங்க" என்றேன்.